முகவரியில் தொங்கிய சாவி

வெப் சர்வருக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கொடுத்த கையோடு, வாங்கியவர் யார் என்பதை மறந்துவிடும். எச்டிடிபி அப்படி அமைந்தது. கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் இருக்க வேண்டுமென்றால் வந்தவரை அடையாளம் காண ஒரு வழி வேண்டும். 1994-இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுலி கண்ட வழிதான் குக்கி, பிரவுசரிலேயே வைக்கும் ஒரு சிறு அடையாளச் சீட்டு.

ஆனால் குக்கியைப் பார்த்துப் பயந்த காலம் ஒன்று இருந்தது. பலர் பிரவுசரில் அதை அணைத்தே வைத்திருந்தார்கள். அன்றைய செல்போன் பிரவுசர்கள் சிலவற்றுக்குக் குக்கியே தெரியாது. அதனால் 2002-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி.நெட், மாற்று வழி ஒன்றையும் சேர்த்தே தந்தது. வெப்.கான்ஃபிக் கோப்பில் செஷன்ஸ்டேட் என்ற வரியில் 'குக்கிலெஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் போதும். வந்தவரை அடையாளம் காட்டும் 24 எழுத்து செஷன் எண், அடைப்புக்குறிக்குள் பக்கத்தின் முகவரியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பிஎச்பியிலும் ஜாவாவிலும் இதே ஏற்பாடு வேறு பெயர்களில் இருந்தது.

அதைக் கட்டி மேய்ப்பது லேசான வேலை இல்லை. சாய்கோட்டில் தொடங்கும் லிங்க் ஒன்றைக் கையால் எழுதிவிட்டால் முகவரியில் இருந்த எண் கழன்றுவிடும். அதை அழுத்தியவருக்குப் புது செஷன் திறக்கும், நிரப்பிய கூடை காலியாகத் தெரியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, எண் வெளியே போவது. 'இந்தப் புடவையைப் பாரேன்' என்று தோழிக்கு லிங்க் அனுப்பினால், வீட்டுச் சாவியை முகவரிச் சீட்டிலேயே ஒட்டிக் கொடுத்த மாதிரி. செஷன் உயிரோடு இருக்கும்வரை தோழி உள்ளே வருவது அனுப்பியவரின் பெயரில்தான். பிரவுசர் ஹிஸ்டரி, சர்வர் லாக், அடுத்த தளத்துக்குப் போகும் ரெஃபரர் என எல்லா இடத்திலும் அந்த எண் பதிந்தது.

இன்று அந்தக் கதவு அநேகமாக மூடிவிட்டது. ஏஎஸ்பி.நெட் கோரில் குக்கி இல்லாத செஷனே கிடையாது. 2024-இல் வந்த பிஎச்பி 8.4, முகவரி வழி செஷனைக் கைவிட வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது. பயனர் சும்மா இருந்தால் 20 நிமிடத்தில் செஷன் காலாவதி என்ற மைக்ரோசாஃப்ட்டின் இயல்புக் கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

குக்கியா முகவரியா என்பது அன்றைய கேள்வி. குக்கியை எப்படிக் காப்பது என்பது இன்றைய கவலை. அதற்குக் குக்கியோடு சேர்த்து எழுதும் குறிகள் உண்டு: ஜாவாஸ்கிரிப்ட் படிக்காமலிருக்க எச்டிடிபிஒன்லி, எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் போக செக்யூர், பிற தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளோடு ஒட்டிக்கொண்டு போகாமலிருக்க சேம்சைட். 2020-இல் குரோம் 80 வந்தபோது, சேம்சைட் எழுதாத குக்கியை 'லாக்ஸ்' என்ற மிதமான கட்டுப்பாடு கொண்டதாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. எனக்கு இது மிக நல்ல மாற்றமாகப் படுகிறது; மறதிக்கும் ஒரு காவல் கிடைத்தது.

மக்கள் அன்று குக்கிக்குப் பயந்ததிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் பின்தொடர்ந்தது விளம்பரக் குக்கி. பழி சேர்ந்து விழுந்தது செஷன் குக்கி மேல். ஐரோப்பியச் சட்டம் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறது: பயனர் கேட்ட சேவைக்கு அவசியமான குக்கிக்கு முன் அனுமதி தேவையில்லை.

பழைய ஏஎஸ்பி.நெட் தளம் எதையாவது நீங்கள் இன்னும் பராமரித்து வந்தால், இன்றே அந்த வெப்.கான்ஃபிக்கைத் திறந்து பாருங்கள். குக்கிலெஸ் என்ற இடத்தில் ட்ரூ, யூஸ்யூஆர்ஐ, ஆட்டோடிடெக்ட் என்று எது இருந்தாலும் 'யூஸ்குக்கீஸ்' என்று மாற்றிவிடுங்கள்.