தகரக் கூரைக்குள் ஒரு மின் நிலையம்

வாங்க, தலையைக் குனிந்து வாங்க, நிலைப்படி ரொம்பத் தாழ்வு! நேபாளத்தின் பாக்லுங் மலையில், ஓடையோரத் தகரக் கூரை அறைக்குள் நுழைந்துவிட்டோம். எதிர்ச் சரிவில் தெரியும் அத்தனை வீட்டுக்கும் இங்கிருந்துதான் கரண்ட். கிரீஸ் டப்பா, அறுந்த பெல்ட், ஆணியில் தொங்கும் ஈரச் சட்டை, சாமி காலண்டர், மூலையில் முளைவிட்ட உருளைக்கிழங்கு மூட்டை. நடுவே இடுப்புயர டர்பைன். அது போடுகிற சத்தத்தில் காதோடு வாய்வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கிறது.

ஆபரேட்டர் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "மேலே போலாமா?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரும்புக் குழாயை ஒட்டிச் செங்குத்தான ஏற்றம். எனக்கு மூச்சிரைக்கிறது, அவரோ ஹிந்திப் பாட்டை முணுமுணுத்தபடி ஏறுகிறார். உச்சியில் சிமென்ட் தொட்டி. ஓடைத் தண்ணீர் கால்வாயில் வந்து, வண்டலை இங்கே இறக்கிவிட்டுக் குழாய்க்குள் பாய்கிறது. குழாயின் வாயில் கம்பிச் சல்லடை. முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் சருகை வாரி வெளியே வீசுகிறார். மழைக்காலத்தில் நடுராத்திரியிலும், டார்ச்சும் கையுமாக, இதே வேலை. சல்லடை அடைத்தால் ஊரில் விளக்கு மங்கும், உடனே போன் அடிக்கும். "முதல்ல கூப்பிடறது யாரு தெரியுமா? எங்கம்மா! சீரியல் நேரமாச்சே."

அந்தக் குழாயைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். சாலை முடிந்த இடத்திலிருந்து ஊரார் தோளில் ஏறி வந்தது அது. நேபாளத்தின் முதல் நீர்மின் நிலையம் பர்பிங்கில் 1911இலேயே வந்துவிட்டது. 500 கிலோவாட், காத்மாண்டு அரண்மனைகளுக்காக. மலைக் கிராமங்கள் அதற்கப்புறம் பல தலைமுறை மண்ணெண்ணெய்ப் புகையில்தான் கிடந்தன. 1996இல் மாற்று எரிசக்தி ஊக்குவிப்பு மையத்தை அரசு தொடங்கியது. இப்படிப்பட்ட சிறு நிலையங்களுக்கு மானியம் வந்தது. மீதியை ஊரார் உழைப்பாகவும் கடனாகவும் போட்டார்கள். அதனால்தான் இங்கே சாவி ஊர்க் குழுவின் கையில்!

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அறைக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குள் ஹீட்டர் கம்பிகள். டர்பைன் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஊரில் யாராவது விளக்கை அணைத்தால் மிஞ்சுகிற கரண்ட் தானாகவே இந்தக் கம்பிகளுக்கு வந்து தண்ணீரைச் சுடவைக்கும். விரலை விட்டேன், வெதுவெதுப்பு! ஊர் தூங்கத் தூங்கத் தொட்டி கொதிக்கும். "பத்து மணிக்கு மேல விரலை விட்டுடாதீங்க," என்று சிரிக்கிறார் தம்பி.

பக்கத்து அறையில் மில். கடுகெண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்கிறது. பகலில் நெல் குத்த, மாவரைக்க. பொழுது சாய்ந்தால் விளக்குக்கு. தூசு படிந்த மேசையில் பொருளாளர் தீதி (நேபாளியில் அக்கா) பாக்கி நோட்டைப் புரட்டுகிறார். பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று கேட்டேன். குழுத் தலைவருடையதாம்! வாசலில் உட்கார்ந்திருந்த தலைவர் உள்பட எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் உண்மையான கவலை வெளியே வந்தது. தேசிய மின்கம்பி மலையேறி வந்துகொண்டிருக்கிறது. அது வந்த ஊர்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் பல துருப்பிடித்துக் கிடக்கின்றன. நுவாகோட் மாவட்டத்தின் ஸ்யாவுரேபூமியில் கதை வேறு. 2018இல் அங்கே 23 கிலோவாட் நிலையத்தைத் தேசியக் கம்பியோடு இணைத்தார்கள். மிஞ்சுவதை விற்கலாம் என்றானது. இதே பாக்லுங்கில் ஆறு குட்டி நிலையங்களை ஒரே கம்பியில் கோத்து 107 கிலோவாட் ஆக்கியிருக்கிறார்கள். முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கட்ட மானியம் தந்த அரசு, கரண்டை வாங்கிக்கொள்ளவும் வழி செய்யத்தான் வேண்டும். தோளில் குழாய் சுமந்தவர்களுக்கு அது பாத்தியதை.

தீதியும் அதைத்தான் மனுவாக எழுதிக்கொண்டிருந்தார். தம்பி ஆர்வமாகக் குனிந்து படிக்க, தாள் நடுவே கிரீஸ் விரல் பதிந்துவிட்டது. "சனிக்கிழமை கூட்டத்துல இதையா வைக்கிறது?" என்று அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, புதுத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார் தீதி.