‘எங்கே போறே?’ன்னு கேட்டா வினைச்சொல்லே மாறிடும்.. ஒஜிப்வே மொழியைக் கற்பது ஏன் சவால்?

மிசிசிப்பி நதியை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் எந்த மொழியில இருந்து வந்ததுன்னு தெரியுமா? ஒஜிப்வே மொழியில் ‘மிசி’ என்றால் பெரிய, ‘சீபி’ என்றால் ஆறு. குலக்குறியைக் குறிக்கும் ‘டோட்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இந்த மொழியில் இருந்து போனதுதான்.

அமெரிக்கா - கனடா எல்லையில் உள்ள பேரேரிகளைச் சுற்றி வாழும் பூர்வகுடி மக்களின் மொழி இது. அவர்கள் தங்களை அனிஷினாபே என்றும், மொழியை அனிஷினாபேமொவின் என்றும் சொல்கிறார்கள். இன்று இதைச் சரளமாகப் பேசுபவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அதனால் சொந்தத் தாத்தா, பாட்டியின் மொழியையே வகுப்பறையில் புதிதாகப் படிக்க வேண்டிய நிலையில் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படிப் படிக்க வருபவர்கள் திணறும் இடம் எது? வினைச்சொல்லும் கேள்விச் சொல்லும் சேரும் இடம்தான்.

வினைச்சொல் ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்த மொழியின் சொற்களில் பெரும்பகுதி வினைச்சொற்கள்தான். நாம் ‘மழை பெய்கிறது’ என்று இரண்டு சொல்லில் சொல்வதை ‘கிமிவன்’ என்று ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிடுவார்கள். நிறம்கூட வினைச்சொல்தான். ‘அது சிவப்பாக இருக்கிறது’ என்றால் ‘மிஸ்க்வா’. அதுவே உயிருள்ள வகையைச் சேர்ந்தது என்றால் ‘மிஸ்கொசி’.

உயிருள்ளது, உயிரற்றது என்ற பிரிவு, நம் உயர்திணை, அஃறிணை போல இலக்கணத்தையே மாற்றும். ஆனா கணக்கு வேற மாதிரி இருக்கும். கல் உயிருள்ள வகை. ராஸ்பெர்ரி பழம் உயிருள்ளது, ஸ்ட்ராபெர்ரி பழமோ உயிரற்றது! அதற்கேற்ப ‘சாப்பிடு’ என்ற சொல்லும் மாறும்.

- நிவீசின் - நான் சாப்பிடுகிறேன் (பொதுவாக)
- நிமீஜின் - ஸ்ட்ராபெர்ரி போன்ற உயிரற்ற வகையைச் சாப்பிடுகிறேன்
- நிண்டம்வா - ராஸ்பெர்ரி போன்ற உயிருள்ள வகையைச் சாப்பிடுகிறேன்

யார் செய்கிறார் என்பதை எப்படிச் சொல்வது?

தமிழில் ‘சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய்’ என்று சொல்லின் கடைசியில் காட்டுவோம். ஒஜிப்வேயில் சாதாரண வாக்கியத்தில் ‘நான்’, ‘நீ’ இரண்டும் சொல்லின் முன்னாடி வரும். ‘நிவீசின்’ என்றால் நான் சாப்பிடுகிறேன், ‘கிவீசின்’ என்றால் நீ சாப்பிடுகிறாய். ‘வீசினி’ என்றால் அவன் அல்லது அவள் சாப்பிடுகிறார். ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் தமிழர்களுக்கு ரொம்ப ஈஸி. நம்ம ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு அப்படியே அங்கேயும் இருக்கு. கேட்பவரையும் சேர்த்தால் ‘கிவீசினிமின்’, கேட்பவரை விட்டுவிட்டால் ‘நிவீசினிமின்’.

கேள்விச் சொற்கள் என்னென்ன?

- அவேனேன் - யார்
- வேகொனேன் - என்ன
- ஆண்டி - எங்கே
- ஆனீன் - எப்படி (வணக்கம் சொல்லவும் இதுதான்)
- ஆனீன் அப்பீ - எப்போது

ஊருக்கு ஊர் இந்தச் சொற்களில் சிறு மாற்றம் உண்டு. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் போதும். சிக்கல் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

கேள்வி கேட்டால் என்ன மாறும்?

முதலில் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி. இது சுலபம். ‘கிடிஜா’ என்றால் நீ அங்கே போகிறாய். ‘கிடிஜா இன?’ என்றால் நீ அங்கே போகிறாயா? நம்ம ‘ஆ’ போல ‘இன’ என்ற சின்னச் சொல்லைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஆனால் ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்க ‘ஆண்டி கிடிஜா?’ என்று சொல்ல முடியாது. ‘ஆண்டி ஏஜாயன்?’ என்றுதான் கேட்க வேண்டும். இங்கே என்ன நடந்தது பாருங்க.

- ‘நீ’ என்பதைக் காட்ட முன்னால் இருந்த ‘கி’ காணாமல் போனது
- அதற்குப் பதிலாகச் சொல்லின் கடைசியில் ‘யன்’ வந்தது
- போவதைக் குறிக்கும் ‘இஜா’வின் முதல் உயிரெழுத்து ‘இ’, ‘ஏ’ ஆக மாறியது

காலம் காட்டும் முன்னொட்டிலும் இதே மாற்றம் வரும். இறந்தகாலம் காட்டும் ‘கீ’, கேள்வியில் ‘கா’ ஆகும். ‘ஆண்டி கா-இஜாயன்?’ என்றால் எங்கே போனாய்? விருப்பத்தைக் காட்டும் ‘வீ’ என்பது ‘வா’ ஆகும். ‘ஆண்டி வா-இஜாயன்?’ என்றால் எங்கே போக நினைக்கிறாய்?

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் இரண்டு செட் வடிவங்களைப் படிக்க வேண்டும். ‘நான் சாப்பிட்டால்’, ‘நீ போகும்போது’ போன்ற தொடர்களிலும் இந்த இரண்டாவது செட்தான் வரும். அதனால் இது தெரியாமல் உரையாடலே நகராது.

இதற்கு எளிய வழி, கேள்வியை முழுசாகப் பழகுவதுதான். ‘ஆனீன் ஏஜினிக்காசொயன்?’ (உன் பெயர் என்ன?), ‘ஆண்டி வேன்ஜிபாயன்?’ (எந்த ஊர்க்காரர் நீ?) என்று நாலு கேள்வி வாயில் பழகிவிட்டால், ‘யன்’ முடிவும் முதல் எழுத்து மாற்றமும் விதியாகவே மனதில் பதியும்.

மொழி ஏன் இந்த நிலைக்கு வந்தது?

இப்படிப்பட்ட விதிகளை யாரும் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. குழந்தைகள் வீட்டில் கேட்டே பழகினார்கள். அந்தத் தொடர்ச்சியை அறுத்தவை உறைவிடப் பள்ளிகள். கனடாவில் மட்டும் சுமார் 1.5 லட்சம் பூர்வகுடிக் குழந்தைகள் இந்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது. அமெரிக்காவிலும் இதே போன்ற பள்ளிகள் இருந்தன. தண்டனையை அனுபவித்த பலர், தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். 2008-ல் கனடா அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டது. 2019-ல் பூர்வகுடி மொழிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது.

இப்போது என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள வாடூகோடாடிங் பள்ளியில் பாடங்களையே ஒஜிப்வே மொழியில் நடத்துகிறார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் அகராதியில், மொழி தெரிந்த முதியவர்களின் குரலிலேயே சொற்களைக் கேட்கலாம். 2024 ஆகஸ்டில், ஒஜிப்வேயில் டப்பிங் செய்யப்பட்ட முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் கனடாவின் வின்னிபெக் நகரில் திரையிடப்பட்டது.

அகராதியில் சொற்களைச் சேமித்து வைக்கலாம். ஆனால் ‘கிடிஜா’ எந்த இடத்தில் ‘ஏஜாயன்’ ஆகும் என்பது பேசிப் பேசித்தான் நாக்கில் பழகும். அதற்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால்தான் இளைஞர்கள் இவ்வளவு அவசரம் காட்டுகிறார்கள்.