செல்லுக்குள் சுமை தூக்கும் புரதமும் சொந்தத்தில் நிக்காஹ்வும்

பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. பத்து வயதை நெருங்கும்போது மஃரிபுக்குப் பின் வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுகிறது. கண்ணூறு என்று சிலர் சொல்வார்கள். கர்ப்ப காலத்தில் உம்மா செய்த தவறு என்று பழிபோடுவோரும் உண்டு.

இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்தால் மருத்துவர்கள் சந்தேகிப்பது அஷர் நோயின் முதல் வகையை. (நாம் தொழும் அஸர் அல்ல, இது பரம்பரை நோய் என்பதை 1914-ல் வலியுறுத்திய பிரிட்டிஷ் கண் மருத்துவர் சார்லஸ் அஷரின் பெயர்.) அதற்கு அதிகமாகக் காணப்படும் காரணம், 11-வது குரோமோசோமில் உள்ள மையோ7ஏ என்ற மரபணுவின் பழுது.

இந்த மரபணு தயாரிப்பது ஒரு மோட்டார் புரதம். ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழித்து, செல்லுக்குள் ஆக்டின் இழைகள் மீது தண்டவாளத்தில் போவதுபோல் நகர்ந்து சரக்குகளைக் கொண்டு சேர்க்கிறது. விழித்திரையில், ஒளியை உணரும் ஆப்சின் புரதம் உரிய இடத்தைச் சென்றடைய இது உதவுகிறது. பார்வைச் செல்கள் தினமும் தம் நுனியில் பத்தில் ஒரு பங்கை உதிர்த்துப் புதுப்பிக்கின்றன. அந்தக் கழிவை அப்புறப்படுத்துவதிலும் இதற்குப் பங்குண்டு. சுப்ஹானல்லாஹ், நாம் தூங்கும்போதும் நடக்கும் வேலை! இது தடைபட்டால் செல்கள் மெல்ல அழிகின்றன. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் செல்களே முதலில் போகின்றன. உட்காதில் உள்ள நுண்முடிகளின் அமைப்பும் இதே புரதத்தை நம்பியிருக்கிறது. கேட்கும் திறனும் உடலின் சமநிலையும் அங்கேதான் இருப்பதால் நடையும் தாமதமாகிறது.

இந்த மரபணு நமக்கு இரண்டு பிரதிகள்: ஒன்று வாப்பாவிடமிருந்து, ஒன்று உம்மாவிடமிருந்து. ஒன்று பழுதானால் நோய் வராது. இருவரும் பழுதான பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. உம்மாவை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். மாமன் மகளும் சாச்சா மகளும் நம்மோடு சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்வதால், ஒரே பழுது இருபுறமும் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மணமுடிக்கக் கூடாத உறவுகளைச் சொல்லும் சூரா அந்நிஸாவின் 23-ஆம் வசனத்தில் இவர்கள் இல்லை. ஆகுமானது, ஆனால் கட்டாயமல்ல. குடும்பத்தில் இத்தகைய பிள்ளை இருந்தால், சொந்தத்தில் பேசிமுடிக்கும் முன் மரபணு ஆலோசகரைச் சந்திப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

இந்த நோய்க்கு விழித்திரையில் செய்யும் மரபணு சிகிச்சை இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளது. ஆனால் காக்ளியர் கருவியைச் சிறுவயதிலேயே பொருத்தினால் பேச்சு வர வாய்ப்புண்டு. காது கேளாத குழந்தை நடக்கவும் தாமதித்தால், காதோடு நிறுத்தாமல் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள்.