ஓட்டு இயந்திரத்துக்குள் ஒரு எழுத்தாளர்

சிறுகதை, நாவல், சினிமா வசனம் என்று எழுதிக் குவித்த சுஜாதா, தொழிலால் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். இயற்பெயர் எஸ். ரங்கராஜன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு ஓட்டு இயந்திரம் உருவானதில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஓய்வுக்குப் பின் மயிலாப்பூரில் வசித்தார், 2008-ல் காலமானார்.

இதுவும் கம்ப்யூட்டரா?

ஒரு வகையில் ஆம். உங்கள் பி.சி.யில் நினைத்த சாஃப்ட்வேரைப் போடலாம், அழிக்கலாம். நெட்டில் இணைத்தால் வைரஸும் வரலாம். ஓட்டு இயந்திரத்துக்கு ஒரே வேலைதான். அதன் சிப்பில் புரோகிராம் ஒருமுறைதான் எழுதப்படும். நெட் இணைப்பு கிடையாது, பாட்டரியில் ஓடும். அதிகாரி கண்ட்ரோல் யூனிட்டில் பட்டனை அழுத்தினால்தான் அடுத்த ஓட்டு விழும்.

அப்படியானால் பயமே இல்லையா?

2010-ல் ஹைதராபாத் இன்ஜினியர் ஹரி பிரசாத், இரண்டு வெளிநாட்டு நிபுணர்களுடன் சேர்ந்து ஒரு நிஜ இயந்திரத்தைத் திறந்தார். உள்ளே டிஸ்ப்ளே பலகையை மாற்றிவிட்டால், எண்ணிக்கையைத் தவறாகக் காட்டலாம் என்று நிரூபித்தார்கள். இயந்திரம் திருடப்பட்டது என்ற வழக்கில் அவர் கைதானார். சீலும் காவலும் இருக்கையில் இது நடக்காது என்றது தேர்தல் கமிஷன்.

பிறகு வந்தது காகிதச் சாட்சி. 2013-ல் இதை வலியுறுத்தியது சுப்ரீம் கோர்ட். 2014 லோக்சபா தேர்தலில் மத்திய சென்னையிலும் பயன்பட்டது. அச்சிட்ட சீட்டு 7 விநாடி தெரியும்.

எனவே பட்டனை அழுத்தியதும் நகர்ந்துவிடாதீர்கள். சீட்டில் இருப்பது நீங்கள் அழுத்திய சின்னம்தானா என்று பாருங்கள். மெஷினைச் சோதிக்க இன்ஜினியர் பட்டம் தேவையில்லை!