உங்களுக்குத் தெரியுமா? நாம் எழுதிய சிடி ஏன் பாட மறுக்கிறது?

• கடையில் விற்கும் பாட்டு சிடியில் இருப்பவை அச்சில் அழுத்திய நுண்ணிய குழிகள். அலுமினியப் பூச்சு, விழும் லேசர் ஒளியில் 70 சதவீதத்தையாவது திருப்பி அனுப்பும்.

• கணினியில் எழுதும் சிடி-ஆரில் அந்தக் குழிகள் கிடையாது. லேசர் சூட்டில் சாயப்பூச்சு ஆங்காங்கே மாறி, குழிபோல நடிக்கிறது!

• அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ திருப்பி அனுப்புவது 15 முதல் 25 சதவீத ஒளியைத்தான். அதனால் பழைய பிளேயர்கள் பலவும் 'நோ டிஸ்க்' என்று கைவிரித்துவிடும்.

• தொடக்ககால டிவிடி பிளேயர்கள் சிலவற்றில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் மட்டுமே இருந்தது. சிடி-ஆர் சாயமோ 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கென்று செய்தது. இரண்டு லேசர் வைத்த பிறகே சிக்கல் தீர்ந்தது.

• முதல் வைத்தியம்: மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் லென்ஸை மெல்லத் துடையுங்கள். அடுத்து, வேகத்தைக் குறைத்து வேறொரு சிடியில் எழுதி, மறக்காமல் 'ஃபைனலைஸ்' செய்யுங்கள்.

• பல பிளேயர்களில் லேசர் பகுதியை ஒட்டி ஒரு பொடித் திருகு இருக்கும். அதைத் திருப்பி லேசரின் வலுவைக் கூட்டினால் அடம்பிடித்த சிடியும் சில நேரம் பாடும். ஆனால் லேசர் டயோடின் ஆயுள் குறையும். அளவு மீறினால் அங்கேயே கருகிவிடும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

• எச்சரிக்கை: சிடி லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விழித்திரையைச் சுடும். மூடியைக் கழற்றி ஓடவிட்டு எட்டிப் பார்க்காதீர்கள்.