பழைய மடக்குக் கத்தியும் புதிய மடக்குக் கத்தியும்

சென்ற சாமை அறுவடைக்குப் பின், சங்க அலுவலை முன்னிட்டு ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டிற்குச் சென்றிருந்தேன். மூட்டைகள் எடைக்கு வந்துகொண்டிருந்தன. முதிய அங்கத்தினர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து பளபளப்பான புதுக் கத்தி ஒன்றை எடுத்து, ஒரே கையால் விரித்து, சாக்கின் கயிற்றை அறுத்தார். மாதிரி எடுத்தபின் சாக்கின் வாயை மீண்டும் மூட வேண்டியிருந்தது. அப்பொழுது இடுப்பு மடியிலிருந்து வேறொரு கத்தி வெளிவந்தது. கறுத்துத் தேய்ந்த அலகு, மரப்பிடி. அதனால் மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி ஊசியாக்கிச் சாக்கைக் குத்தி மூடினார்.

“பெரியவரே, இரண்டு எதற்கு?” என்று வினவினேன்.

“இது அறுக்கும் ஐயா; அது சொன்னபடி கேட்கும்” என்றார்.

அவ்விடையின் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் பழமைப் பற்று என்று நான் முதலில் எண்ணினேன். அவ்வாறன்று.

மடக்கும் கத்தி நமக்கு மேல்நாட்டார் கற்றுத்தந்த பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். ஓலைச்சுவடி வழங்கிய காலத்தில் நம் கணக்கர்களும் புலவர்களும் மடக்கெழுத்தாணி வைத்திருந்தனர். அதன் ஒரு முனையில் எழுதும் ஆணி. மறுமுனையில் ஓலையை வாரிச் செப்பமிடும் சிறு கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். நாவிதரின் சவரக்கத்தியும் மடக்குக் கத்தியே. ‘பேனாக்கத்தி’ என்ற பெயரோ, ஐரோப்பாவில் பறவையின் இறகைச் சீவிப் பேனாவாகப் பயன்படுத்திய நாட்களின் நினைவு. இறகு போயிற்று, ஓலையும் போயிற்று. கத்தி மட்டும் நின்றுவிட்டது.

இனி, அமைப்பைக் காண்போம். மிகப் பழைய வகையில் அலகையும் பிடியையும் ஓர் ஆணி இணைக்கும். அவ்வாணியின் இறுக்கமே அலகை நிறுத்தும். அடுத்த வகையில் பிடியின் முதுகில் எஃகு வில் ஒன்று அமைந்து, விரித்த அலகை அழுத்திக்கொண்டிருக்கும். இவ்விரண்டிலும் பூட்டு இல்லை. அலகின் முதுகில் விசை பட்டால் கத்தி மடங்கும். பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதியில் 1890-இல் தோன்றிய ஓப்பினல் கத்தியும் முதலில் இவ்வாறே இருந்தது. 1955-இல்தான் அதற்குத் திருகு வளையம் ஒன்றைப் பூட்டாகச் சேர்த்தனர். குடியானவர் கத்தியாகிய அது, விலையேறிய புதுக் கத்திகளுக்கிடையே இன்றும் விற்பனையாகிறது. புதிய மடக்குக் கத்திகளிலோ, அலகு விரிந்தவுடன் உள்ளிருக்கும் தகடு அதன் அடியில் வந்து நின்று, மடங்காதபடி தடுக்கிறது. ஒரு கையால் விரிப்பதற்கு அலகில் துளையோ முளையோ உண்டு. பையில் மாட்டக் கொக்கியும் உண்டு. ஒரு கையால் கிளையைப் பிடித்திருப்பவனுக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை.

பூட்டின் அருமையை நான் பட்டறிந்தவன். பணியில் சேர்ந்த புதிதில், சந்தையில் மலிவாக வாங்கிய பூட்டில்லாத கத்தியின் நுனியை இளநீரின் கண்ணில் குத்தித் திருகினேன். அலகு மடங்கிச் சுட்டுவிரலில் இறங்கிற்று. மூன்று தையல். இருவாரம் பேனா பிடிக்க இயலவில்லை. எனக்கு அது சம்பளத்தோடு கூடிய துன்பம். தறியில் அமரும் அங்கத்தினருக்கு அதே காயம் நேர்ந்திருந்தால், இருவாரக் கூலி போயிருக்கும். இழை முடியும் விரலின் நயம் திரும்புவதற்கு இன்னும் நாளாகியிருக்கும். ஆகவே பூட்டில்லாத கத்தியால் குத்தவோ நெம்பவோ கூடாது. இழுத்து அறுப்பதும் சீவுவதுமே அதன் வேலை. பூட்டுள்ளது என்று சொல்லி விற்கும் மலிவுக் கத்தியையும் நம்பிவிடலாகாது. அலகின் பாதையில் விரல் படாதவாறு பிடித்து, அதன் முதுகை மரப்பலகையில் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மடங்குமாயின் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுக.

அப்படியாயின் பழையது எதற்கு? அதன் அலகு மெல்லியது. பல ஆண்டுகள் கல்லில் தீட்டியதால் முதுகிலிருந்து வாய்வரை ஒரே சரிவாக இருக்கும். புதுக் கத்திகளில் பல, உறுதியின் பொருட்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேலான கனத்தில் செய்யப்படுகின்றன. கனத்த அலகு கயிற்றை அறுக்கும். ஆனால் மூங்கிலைச் சீவும்போது ஆப்புப் போல நுழைந்து பிளந்துவிடும். மெல்லிய அலகு கை நினைத்த தடிப்புக்குச் சீவும். பெரியவர் ‘சொன்னபடி கேட்கும்’ என்றது இதனையே.

இரும்பின் வகையும் ஒரு காரணம். நாட்டுப்புறப் பட்டறைகளில் பெரும்பாலும் லாரியின் பழைய வில்பட்டையையே அடித்துக் கத்தி செய்கின்றனர். அதில் கரியின் அளவு நூற்றுக்கு அரைப் பங்கை ஒட்டியே இருக்கும். கொல்லர் அதைச் செம்மஞ்சளாகும்வரை காய்ச்சித் தோய்ச்சல் கொடுப்பார். பின் இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை வாட்டி, உடையாத பதத்திற்குக் கொணர்வார். காந்தம் ஒட்டாத சூடு வந்ததா என்று பார்ப்பதும் நல்ல சோதனை. இவ்விரும்பு சாதாரண ஆற்றுக் கல்லிலும் கூரேறும், ஆனால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் உண்டு. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பார் 1913-இல் அத்தகைய எஃகை உருக்கினார். அவ்வகையில் கடினமானவை நம் கல்லுக்கு எளிதில் இணங்குவதில்லை.

இங்கே மலை அங்கத்தினரும் தறி அங்கத்தினரும் சற்று வேறுபடுகின்றனர். கடுக்காயை நாட்டுக் கத்தியால் அறுத்தால் அலகும் கறுக்கும், காயும் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. சாயத் தொழிலில் கறுப்பேற்றும் பழைய முறையும் இதுவே. மலையில் அதனால் நட்டமில்லை. தறியிலோ, வெள்ளை நூலில் ஒரு துருக்கறை பட்டால் சேலையின் தரம் கெட்டது. எனவே நெசவாளர் நூல் வெட்டுவதற்குத் துருப்பிடிக்காத அலகையே வைத்துக்கொள்ளட்டும். அச்சு, குச்சி சீவுவதற்குப் பழையது இருக்கலாம். புளி, எலுமிச்சை அறுப்பதற்கும் புதியதே ஏற்றது.

கத்தி வைத்திருந்தால் போலீசார் பிடிப்பார்களா என்று பலர் கேட்கின்றனர். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், ஒன்பது அங்குலத்திற்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே ஆயுத வகையில் சேர்க்கின்றன. அவற்றுள்ளும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவற்றை விலக்குகின்றன. நம் மடக்குக் கத்தி அவ்வளவுக்கு மிகவும் உட்பட்டதே. எனினும் கூட்டமான இடங்களில் கையில் விரித்து வைத்திருப்பது வீண் ஐயத்தை வரவழைக்கும். வானூர்தியில் கைப்பையில் கொண்டுசெல்லவும் கூடாது.

பெயர் கெட்டால் தொழிலே கெடும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்து ராம்பூர் சான்று. அவ்வூர் மடக்குக் கத்தி திரைப்படங்களில் வில்லன் கையில் ஏறிப் பேர்பெற்றது, நீண்ட அலகுகளுக்குப் பின்னர் தடையும் வந்தது, தொழிலாளர் சுருங்கினர். 2023-இல் அந்நகரின் நாற்சந்தியில் ஆறு மீட்டருக்கு மேல் நீளமான கத்திச் சின்னம் ஒன்றை நிறுவினர். சின்னம் எழுந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதற்கு முன்பே பட்டறைகளுக்கு வேலை தந்திருக்கலாம் என்றும் தோன்றிற்று.

மலையடிவாரப் பட்டறைகளைப் பற்றியும் எனக்கு அதே கவலை. புதுக் கத்தி வாங்கியவர் பழையதைப் பரணில் எறிந்துவிட்டால், ஆணி இறுக்கவும் தோய்ச்சல் ஏற்றவும் கொல்லரிடம் எவரும் செல்லார். அரிவாளுக்கும் களைக்கொட்டுக்கும் மட்டும் அவர் உலை மூட்ட இயலாது. பின்னர் அறுவடை நாளில் அரிவாள் மழுங்கினால் கீழே திருப்பத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். ஆகவே பழைய கத்தி வீட்டில் இருப்பவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். துருவைச் செங்கற்பொடியால் தேய்த்துப் போக்கலாம். பலாப்பழம் அறுக்குமுன் அலகில் எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது. மூட்டில் மண் சேர்ந்திருந்தால் வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒரு துளி தேங்காய் எண்ணெய் விடுக. அலகு ஆடினால் அதற்குக் கொல்லரின் சிறு சுத்தியால் இரண்டு தட்டு போதும்.