விலகி நிற்றல் வேறு, விலக்கி வைத்தல் வேறு

கொள்ளைநோய் ஊருக்குள் நுழையும்போது மக்களின் பழக்கவழக்கங்களும் மாறிவிடுகின்றன. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது இதனை நாம் அனைவரும் கண்டோம். முகக்கவசம் அணிந்தோம். உறவினர் இல்லத் துயரத்திற்கும் செல்லாது இருந்தோம். ஆலயக் கதவுகள் அடைபட்டிருக்க, பாஸ்கா விழாவையும் வீட்டிலிருந்தே கொண்டாடினோம். விலகி நிற்பதே பிறரன்பாக விளங்கிய காலம் அது. எனினும், எல்லா விலகலும் அன்பாகி விடுமா? இத்தாலி நாட்டு மிலான் நகரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

1576-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நகரில் பிளேக் நோய் தோன்றியது. ஆளுநரும் செல்வர் பலரும் நகரை விட்டு அகன்றனர். வெளியூர் சென்றிருந்த பேராயர் கர்தினால் சார்லஸ் பொரோமேயோவோ நகருக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 37. மக்கள் வீட்டை விட்டு வெளிவரலாகாது என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, அவர் அதனை எதிர்க்கவில்லை, ஆதரித்தார். ஆனால் வீட்டினுள் அடைபட்ட மக்களைக் கைவிடவும் இல்லை. தெருச்சந்திகளில் பீடங்கள் எழுந்தன. மக்கள் தத்தம் சன்னல்களில் நின்றவாறே திருப்பலி கண்டனர். குருக்கள் வீட்டு வாயில்களுக்கே சென்று பாவசங்கீர்த்தனம் கேட்டனர். நாள்தோறும் ஏழு முறை மணி ஒலிக்க, தெருவெங்கும் வீடுகளிலிருந்து செபம் எழுந்தது. ஆடையின்றி வாடிய ஏழைகளுக்காகப் பேராயர் தம் இல்லத்துத் திரைச்சீலைகளையே உடைகளாகத் தைக்கக் கொடுத்தார். உடல்கள் விலகியிருந்தன, உள்ளங்கள் விலகவில்லை.

அதே நகருக்கு 1630-ஆம் ஆண்டில் மீண்டும் பிளேக் வந்தது. இம்முறை நோயோடு சேர்ந்து ஐயமும் பரவியது. யாரோ நஞ்சு கலந்த எண்ணெயைச் சுவர்களில் பூசி நோயைப் பரப்புவதாக வதந்தி எழுந்தது. மழைநாள் ஒன்றில் சுவரைத் தொட்டவாறு நடந்த சுகாதார அலுவலர் பியாட்சா பிடிபட்டார். சித்திரவதை தாங்காமல் அவர் முடிதிருத்துநர் மோராவின் பெயரைச் சொன்னார். குற்றமற்ற இருவரும் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடிக்கப்பட்டு, அங்கே ஓர் இழிவுத் தூண் நாட்டப்பட்டது. அது 1778 வரை நின்றது. மோராவை இழிவுபடுத்த நாட்டிய தூண், இறுதியில் அதனை நாட்டியோரின் இழிவுக்கே சான்றாயிற்று.

இவை யாவும் பழங்கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியுமா? 2020 ஏப்ரல் மாதத்தில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைச் சென்னையில் ஒரு கூட்டம் கல்லாலும் தடியாலும் தாக்கி விரட்டியது. நோயுற்றோருக்குப் பணியாற்றும் மருத்துவருக்கே ஆறடி நிலம் மறுக்கப்பட்டது. அம்மாதமே தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, இத்தகைய அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டென அறிவித்தது. இறந்தோரை அடக்கம் செய்தலை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை நமக்குக் கற்பிக்கின்றது. தோபித்து உயிருக்கு அஞ்சாது செய்த அப்பணியை, நம் நாளில் சட்டம் கொண்டு காக்க வேண்டியதாயிற்று!

நோய்க்கு அஞ்சி விலகி நிற்றல் அறிவுடைமை. அது அயலானின் உயிரையும் காக்கின்றது. நோயாளியை விலக்கி வைத்தலோ பாவம். அது அவனை மனிதனாகவே எண்ண மறுக்கின்றது. முன்னதற்கு எல்லையும் காலமும் உண்டு. பின்னதோ நோய் தீர்ந்த பின்னும் தீர்வதில்லை. குணமடைந்து திரும்பியவரின் வீட்டில் தண்ணீர் அருந்தத் தயங்கியவர்கள் நம்மிடையே இல்லையா?

உலகளாவிய கொரோனா அவசரநிலை 2023 மே மாதத்தில் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் காசநோயாலும் தொழுநோயாலும் வருந்துவோர் இன்றும் நம் பங்குகளில் உள்ளனர். அண்டை வீட்டில் நோய் என்று கேட்டால், நம் பிள்ளைகள் நம் வாயிலிருந்து முதலில் கேட்கும் சொல் எது? “அந்தப் பக்கம் போகாதே” என்பது மட்டும்தானா? அதனோடு, “அவர்களுக்கு உணவுக்கு என்ன வழி?” என்றும் கேட்போமாக. வாயிற்படியில் வைத்துவிட்டு வரும் ஒரு பாத்திரம் கஞ்சி எந்த விதியையும் மீறுவதில்லை. அன்றிரவுக் குடும்பச் செபத்தில் அவ்வீட்டாரின் பெயரையும் சொல்லி மன்றாடுவோம்.